ஏழாம் வளைவில் இலந்தை முள்

சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கினால் மழைக்கு லேசில் அழியாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கும் கௌஸ் பாஷா. சந்திரகிரி மலைப் பாதையில் பாறைகள் மேல் வெள்ளை அம்புக்குறிகள் பார்த்திருப்பீர்கள். மொத்தம் அறுபத்து நான்கு. எல்லாம் என் கையால் போட்டவை. நேற்று நீங்கள் மேலே வந்தபோது மூச்சு வாங்கி மூன்றாவது அம்புக்குறியில் முதுகைச் சாய்த்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. உங்கள் சட்டையில் வெள்ளை ஒட்டவில்லை. உப்புதான் காரணம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சந்தோஷமாகச் சொல்கிறேன். இந்தப் பாதையைப் பற்றி இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்க ஆள் கிடைப்பது அபூர்வம். எழுதுகிற ரைட்டருக்குக் கை வலித்தால் நிறுத்தச் சொல்லட்டும், எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என் பெயர் அரங்கநாதன். வயது ஐம்பத்து மூன்று. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். காலை ஐந்தேகால் திண்டிவனம் வண்டியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி அனந்தபுரம் வண்டி வரை என் விசில் கேட்டால்தான் கிளம்பும். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை. டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'அலாரம்' என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. இரண்டு நிமிஷம் தாமதமாக வந்த வண்டியை இரண்டு நிமிஷம் தாமதம் என்றுதான் எழுதுவேன். டிரைவர் சொந்த மச்சானாக இருந்தாலும் அப்படித்தான், நிஜமாகவே ஒரு மச்சான் டிரைவர். ஒரு பஸ்ஸுக்கு ரூட் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி போனால் எல்லோரும் ஊர் போய்ச் சேரலாம். மனுஷனுக்கும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. எண்பத்து மூன்றாம் வருஷம் என் மனைவி சுந்தராம்பாளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மெதுவாக ஏறி இறங்கினால் சரியாகும் என்றார் டாக்டர். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் செங்குத்துப் படிகள், முழங்கால் உள்ளவர்களுக்கே முழங்கால் போய்விடும். சந்திரகிரியில் படி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. புதரும் ஆட்டுத்தடமும்தான். கோட்டைக் காவலாளியிடம் சொல்லிவிட்டு நானும் கௌஸ் பாயும் அரிவாளோடு ஏறினோம். அடுத்த ஞாயிறு நான்கு பேர், பொங்கலுக்குள் எட்டுப் பேர். ஜவுளிக்கடைக்காரர், இரண்டு வாத்தியார்கள், பஞ்சர் ஒட்டுகிறவர் என்று கலவையான கூட்டம். மலைப்பாதைச் சங்கம் என்று பெயர் வைத்து என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை வேலை, பிறகு கீழே டீ, வடை, ஊர் வம்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த காலம் வேறு கிடையாது.

பாதையை வரைந்தது நான். பதினோரு வளைவு. ஒரு படிகூட ஒரு சாண் உயரத்தைத் தாண்டாது. இப்படியே கொஞ்சம், அப்படியே கொஞ்சம் என்று மலையைச் சமாதானப்படுத்தி ஏறுகிற பாதை. நாற்பது தப்படிக்கு ஒரு இடத்தில் குறுக்கே சாய்வாகக் கல் பதித்திருப்பேன், மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடாமல் வெளியே போய்விடும். கீழிருந்து மேலே ஐம்பது நிமிஷம். நான்கு வருஷம் ஆயிற்று அதை முடிக்க.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. அதை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பாதையில் எங்காவது மண் இளகியிருந்தால், கல் ஆடினால், பார்த்தவர் ஒரு இலந்தைக் கிளையை வெட்டி அங்கே குறுக்கே போட வேண்டும். அடிமரம், அதாவது கிளையின் வெட்டிய முனை, மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், அதன் மேல் ஒரு கல் வைக்க வேண்டும். கீழே அடிவாரத்தில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறோம். அதில் எத்தனையாவது வளைவு, என்ன தேதி, யார் போட்டது என்று எழுத வேண்டும். முள் போட்டவர்தான் முள்ளை எடுக்கலாம். வேறு யாரும் அதைத் தொடவும் கூடாது, தாண்டவும் கூடாது. விதியை எழுதியது நான்தான். ஒன்பது பேரும் அதைக் கோயில் காரியம் மாதிரி மதித்தார்கள்.

இறந்துபோன செல்லப்பனும் மதித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவன் ஆவேன்.

செல்லப்பனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாவு மில் வைத்திருந்தார். புருவம் வரைக்கும் மாவு படிந்து, சிரிக்கும்போது உதிரும். எண்பத்து ஐந்தில் ஒன்பதாவது ஆளாக எங்களோடு சேர்ந்தார். இரண்டு பேர் தூக்குகிற கல்லை ஒருவராகத் தூக்குவார், தூக்கிக்கொண்டே கதை சொல்வார். அவர் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை யாரும் லீவு போடுவதில்லை. எனக்கும் அவரைப் பிடிக்கும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை ஐயா, உண்மையாகவே பிடிக்கும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. வளைவில் நடக்க மாட்டார். முதல் வளைவிலிருந்து இரண்டாவதுக்குச் சுற்றிப் போக வேண்டிய இடத்தில், நேராக மண்ணில் கால் ஊன்றி ஏறிவிடுவார். ஏனப்பா என்றால், "மல எங்கியும் ஓடிப்பூடாது அண்ணே, டீதான் ஆறிப்பூடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒருவர் நேராக ஏறினால் அது தடம் ஆகும். தடத்தைப் பார்த்து நான்கு பேர் ஏறினால் அது வழி ஆகும். மழை வந்தால் அந்த வழி வாய்க்கால் ஆகிவிடும். அதில் இறங்குகிற தண்ணீர் குறுக்கே இருக்கிற என் வளைவை அடித்துக்கொண்டு போகும். இரண்டு ஐப்பசியில் நான்காம் வளைவும் ஐந்தாம் வளைவும் இப்படித்தான் போயின. திங்கட்கிழமை டூட்டி முடிந்து தனியாகப் போய் அவற்றைச் சரி செய்வேன். யாரிடமும் சொன்னதில்லை. செய்கிற வேலையைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

இந்த வருஷம் நவம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழைக்குப் பிறகு பாதையைப் பார்க்கப் போனேன். ஏழாம் வளைவில் இடது பக்கம் ஒரு கிளைத்தடம் பிரியும். பத்து தப்படி போனால் மேசை மாதிரி ஒரு பாறைப் பலகை, அதற்கு அப்பால் தட்டைக் கற்கள் நிறையச் சிதறிக் கிடக்கும். பலகையின் கீழே நாற்பதடிப் பள்ளம். மழையில் பலகைக்கு அடியிலிருந்த மண் கரைந்து போயிருந்தது. ஆட்டுக்குட்டி அளவு ஒரு கல் மட்டும் முட்டுக் கொடுத்து அதை நிறுத்தி வைத்திருந்தது. உடனே இலந்தை வெட்டிக் கிளைத்தடத்தின் குறுக்கே போட்டேன். அடிமரம் மேட்டுப் பக்கம், மேலே கல். கீழே வந்து கரும்பலகையில் எழுதினேன். அந்த எழுத்து இன்னும் இருக்கிறது, நீங்களும் படித்தீர்கள். அன்றைக்கு அந்த முள்ளை உண்மையாகத்தான் போட்டேன்.

அந்த வாரமே ஒரு செய்தி வந்தது. பொங்கலுக்குக் கடலூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து எங்கள் பாதையைத் திறந்து வைக்கிறார் என்று. டீக்கடையில் கூட்டம் போட்டோம். செல்லப்பன் எழுந்து, பெரிய மனுஷர் ஐம்பது நிமிஷம் சுற்ற மாட்டார், நேராக ஒரு படிக்கட்டு போட்டுவிடலாம் என்றார். பதினோரு வளைவையும் மூடிவிட்டு அங்கே கிடக்கிற கற்களை எடுத்தே பாதிப் படி கட்டிவிடலாம் என்றார். மீதிக்கு ஏழாம் வளைவின் தட்டைக் கற்கள் இருக்கவே இருக்கின்றன, அண்ணன் முள்ளை எடுத்துவிட்டால் போதும் என்றார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மனதில் எதுவும் வைத்துச் சொல்கிற ஆள் இல்லை.

நான் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். நேர் படிக்கட்டில் தண்ணீர் நேராக இறங்கும், மூன்றாவது மழையில் படி இருக்காது, முழங்கால் வலிக்காரர்கள் ஏற முடியாது. கடைசியாகச் சொன்னது செல்லப்பனுக்குப் பிடித்துவிட்டது. அப்படியானால் சோதித்துப் பார்ப்போம் என்றார். இருக்கிற கல்லை வைத்துப் பாதி உயரம் வரைக்கும் தற்காலிகமாகப் படி போட்டார்கள். நவம்பர் இருபத்திரண்டு, ஞாயிறு காலை ஆறரைக்கே சுந்தராம்பாளை வரச் சொன்னார். "அண்ணி, நீங்க ஏறிட்டீங்கன்னா ஊர்ல யாரு வேணா ஏறலாம்" என்றார்.

சுந்தராம்பாள் அதற்கு முன் என் பாதையில் இரண்டு முறை வந்திருக்கிறாள். இரண்டு முறையும் மூன்றாம் வளைவோடு திரும்பிவிட்டாள். "வளைஞ்சி வளைஞ்சி போறதுல ஏர்ற மாதிரியே இல்லீங்க, தலதான் சுத்துது" என்றாள். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் நேர் வழியில் ஏறினாள். செல்லப்பன் உதவி செய்தார். மேலே போய்ச் சேர்ந்து சத்தமாகச் சிரித்தாள், கீழே நின்ற எங்களுக்குக் கேட்டது. அவள் சிரிப்பை அவ்வளவு தூரத்திலிருந்து நான் கேட்டதே இல்லை. இறங்கி வந்து, "இது நல்லா இருக்குதுங்க, இப்டியே போட்டுடுங்க" என்று என்னிடமே சொன்னாள்.

டீக்கடையில் கை தூக்கச் சொன்னார்கள். எட்டுக் கை மேலே போயிற்று. கௌஸ் பாய் கொஞ்சம் தயங்கித் தூக்கினார், அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். பதினோரு வளைவுகளையும் கைவிடுவதென ஏகமனதாக என்று எழுதி, ஏகமனதாக என்பதை அடித்து, பெரும்பான்மையாக என்று திருத்தினேன். தப்பாக எழுதக்கூடாது இல்லையா. அன்றைக்கு வடை கூட நன்றாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். கோபத்தில் யோசிக்கவில்லை. ஒரு ரூட்டில் ஒரு வண்டி தினமும் ஒழுங்கு தவறினால் முதலாளியிடம் சொல்வேன், அவர் வண்டியை நிறுத்திவிடுவார். மலைக்கு முதலாளி யார்? மலைக்காக யாராவது ஒருவர் பேச வேண்டும். அந்தப் படிக்கட்டு வந்தால் மூன்று வருஷத்தில் அந்தச் சரிவே இறங்கிவிடும், ஏறுகிறவர்களில் யாராவது சாகலாம். ஒருவரா, நான்கு பேரா, யார் சொல்ல முடியும். அதைத் தடுக்க எனக்கு எந்த வழியும் தெரியவில்லை, ஒன்றைத் தவிர. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பெரிய விஷயமாகவும் தெரியவில்லை.

சனிக்கிழமை டூட்டி முடிந்ததும் ஏறிப்போய் ஏழாம் வளைவு முள்ளை எடுத்தேன். மூன்று வாரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாகியிருந்தது. காய்ந்த முள்ளைப் பாதை ஓரம் போட்டால் யார் காலிலாவது ஏறும் என்று அங்கேயே கொளுத்தி, சாம்பல் மேல் மண் தள்ளினேன். முள் என்னுடையது. போட்டவர் எடுக்கலாம். விதிப்படி அதில் தப்பு ஒன்றும் கிடையாது.

மறுநாள், இருபத்தொன்பதாம் தேதி, ஆறாம் வளைவில் ஓர் அம்புக்குறிக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தேன். சங்கம் ஏழு மணிக்குத்தான் கூடும், ஆனால் செல்லப்பன் எப்போதும் முன்னாலேயே வருவார். தோளில் கடப்பாரை, கையில் இலைப் பொட்டலம். அவர் மனைவி நாகம்மாள் எனக்கென்று கொழுக்கட்டை கொடுத்தனுப்பியிருந்தாள். தீர்மானத்தில் நான் மனம் நொந்திருப்பேன் என்று அவளிடம் சொன்னாராம். பொட்டலத்தைப் பாறை மேல் வைத்துவிட்டு மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, முள்ள எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"அந்தக் கல்லு நிக்குதா? போன வாட்டி ஆடுதுன்னீங்களே."

"எடுத்துட்டேன்னா இன்னா அர்த்தம் செல்லப்பா?"

அவர் சிரித்தார். "நீங்க எடுத்துட்டீங்கன்னா சரிதாண்ணே" என்றார். பிறகு, எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, அன்றைக்கு அவர் நேராக ஏறாமல் வளைவைச் சுற்றியே நடந்து போனார். என் மனசு குளிரட்டும் என்று செய்தார் போலிருக்கிறது. கையை ஆட்டிவிட்டுத் திரும்பினார்.

சத்தம் கேட்டபோது மணி ஆறு நாற்பத்திரண்டு. பாறை போகிற சத்தம் முதலில், அப்புறம் கடப்பாரை மோதுகிற சத்தம். பிரஷைச் சுண்ணாம்புச் சட்டியில் வைத்துவிட்டு ஏழாம் வளைவுக்குப் போனேன். கிளைத்தடத்தின் முனையில் பலகை இருந்த இடம் வெறும் இடமாக இருந்தது. கீழிருந்து செல்லப்பன் கூப்பிட்டார். "அரங்கண்ணே" என்றார். வலியில் கத்துகிற மாதிரி இல்லை, கடையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

இந்த இடத்தில்தான் ஐயா, என் பழக்கம் குறுக்கே வந்தது. கிளைத்தடம் திறந்து கிடக்கிறது, முனை உடைந்திருக்கிறது, ஏழு மணிக்கு ஏழு பேர் ஏறி வரப்போகிறார்கள். சத்தம் கேட்டு யாராவது ஓடி வந்தால் நேராகப் பள்ளத்துக்குத்தான் போவார்கள். ஆகவே முதலில் வழியை அடைக்க வேண்டும். சங்கத்தில் நான்கு வருஷமாக நான் சொல்லி வருவது இதுதான், முதலில் முள், பிறகு மற்றது. எட்டாம் வளைவுக்குப் போய் நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினேன். இலந்தை வெட்டும்போது அவசரப்பட்டால் கை கிழிந்துவிடும். கொண்டுவந்து குறுக்கே போட்டு, அடிமரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, கல் வைத்தேன். முதலில் வைத்த கல் ஆடியது, வேறு கல் தேடி வைத்தேன். அதற்குள் மணி ஆறு ஐம்பத்தைந்து. பிறகு மூன்று முறை விசில் ஊதினேன்.

செல்லப்பன் கூப்பிட்டது ஆறு ஐம்பத்தொன்று வரைக்கும்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். கௌஸ் பாய்தான் கயிறு கட்டிக்கொண்டு முதலில் இறங்கியவர். மேலே வந்து, "பூட்டாருண்ணே, ஒடம்பு இன்னும் சூடா இருக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் எல்லோரையும் பிரித்து வேலை சொன்னேன், ஒருவரை ஸ்டேஷனுக்கு, ஒருவரை மில்லுக்கு. உங்களுக்காகக் காத்திருக்கும்போது அந்தக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டேன். ஆறிப்போனால் வீண்தானே. தேங்காய்ப் பூரணம், நல்ல பதம்.

முள் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். செல்லப்பன் குறுக்கு வழிக்காரர், எதையும் சுற்றிப் போகாதவர், கல் எடுக்கிற அவசரத்தில் முள்ளைத் தாண்டியிருக்கிறார் என்று. நான் அதை ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்களும் அன்றைக்கு அப்படித்தான் எழுதினீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் படிக்கட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பதினோரு வளைவும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று, இந்த முறை ஏகமனதாக. ஏழாம் வளைவுக்குச் செல்லப்பன் வளைவு என்று பெயர் வைக்க வேண்டும் என்று சொன்னதே நான்தான். எழுத்துகளையும் நானே பாறையில் எழுதினேன், உப்பைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டு. கௌஸ் பாய் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

சும்மா இருக்காதது நாகம்மாள்தான். வீடு வீடாகப் போய், "எங்க ஊட்டுக்காரரு முள்ளத் தாண்ட மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் தாண்டுவார், முள்ளை மட்டும் தாண்ட மாட்டார், படுத்திருக்கிற ஆளைத் தாண்டுவது மாதிரி என்பார், அவளுக்குத் தெரியும். அவள் சொன்னது முழு உண்மை. ஒருமுறை வேறு யாரோ முள் போட்ட இடத்திலிருந்து, முதுகில் கல்லோடு கீழே வரைக்கும் இறங்கி வேறு வழியாக ஏறினவர் அவர். ஆனால் புருஷனை இழந்தவள் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு என்னிடமும் வந்தாள். உட்கார வைத்து மோர் கொடுத்தேன். ஸ்டேஷனில் போய்ச் சொல்லு அம்மா, மனசு ஆறும் என்று நான்தான் சொன்னேன். இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுத வேண்டும் என்று கேட்கவில்லை, நடந்தது என்பதால் சொல்கிறேன்.

அவளோடு குஞ்சம்மாளும் வருவாள் என்று எனக்குத் தெரியாது. குஞ்சம்மாள் சந்திரகிரியில் ஆடு மேய்க்கிறவள், எங்கள் சங்கத்தைப் பைத்தியக்காரக் கூட்டம் என்று வாய்விட்டே சொல்கிறவள். அன்றைக்குக் காலை நாங்கள் எல்லோரும் பள்ளத்தில் இருந்தபோது அவள் ஆடுகள் ஏழாம் வளைவில் நின்று முள்ளைத் தின்றுகொண்டிருந்தனவாம். அவள்தான் அடித்து ஓட்டினாளாம். உங்களிடம் அவள் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "மூணு வாரத்துக்கு முந்தி வெட்டிப் போட்ட முள்ளுல ஆட்டுக்கு இன்னா இருக்குது சாமி? எலை பச்சப்பசேல்னு இருந்துச்சி. அன்னிக்கி வெட்டுனது அது."

படித்து முடித்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கரும்பலகையில் நவம்பர் எட்டு, அரங்கநாதன். பச்சை முள், அன்றைக்கு வெட்டியது. முள்ளைத் தொடக்கூடியவர் ஒரே ஒருவர். நான்கு வருஷமாக ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்த விதி அவ்வளவு சரியாக வேலை செய்தது. எனக்கு உண்மையிலேயே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது ஐயா. இந்த ஊரில் ஒரு விதி இத்தனை வருஷம் நிற்பது சாதாரணமா?

முள்ளைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தால் நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டீர்கள். பலகை உடைந்தது, ஆள் விழுந்தார், அவ்வளவுதான். ஆனால் ஆபத்தான இடத்தைத் திறந்து போட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால் முழுசாக இருக்கும். பலகைக்கு அடியில் ஒரு கல் முட்டுக் கொடுத்திருந்தது என்று சொன்னேன் அல்லவா. மழைக்குப் பின் மண் இறுகிவிட்டது, அந்தக் கல் இருக்கும் வரை பலகை விழாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை பிற்பகல் கடப்பாரையோடு போய் அதை நெம்பி எடுத்தேன். அரை மணி நேரம் பிடித்தது. ஐந்தாம் வளைவில் மழை அடித்துப்போன இடத்தில் ஒரு கல் குறைந்தது, அங்கே கொண்டுபோய் வைத்தேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. போய்ப் பாருங்கள், ஓரம் கொஞ்சம் சிவந்த கல். நேற்று நீங்கள் அதன் மேல் நின்றுதான் தண்ணீர் குடித்தீர்கள்.

ஆகவே செல்லப்பனைக் கொன்றது நான்தான். வார்த்தை அப்படித்தான் என்றால் அப்படியே எழுதுங்கள்.

காரணம் என்ன என்று மூன்று முறை கேட்டீர்கள், மூன்று முறையும் பாதை என்று சொன்னேன். ரைட்டர் இங்கே பொறாமை என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். சுந்தராம்பாள் இன்றைக்கு மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தபோது அவளும் அதையேதான் கேட்டாள். கேரியரைக் கீழே வைத்துவிட்டு, "கையப் புடிச்சி ஏத்திவுட்டாரே, அதுக்காங்க?" என்றாள். நான் இல்லை என்றேன். அவள் கேரியரை எடுக்காமலே போய்விட்டாள். முழங்கால் வலியோடு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்திருப்பாள். அவளுக்கு ஒரு தகவல் மட்டும் சொல்லி அனுப்புங்கள் ஐயா. பதினோரு வளைவும் சுத்தமாக இருக்கிறது, நேர் வழியை இனி யாரும் போட மாட்டார்கள், மெதுவாக வந்தால் ஐம்பதே நிமிஷம்.

கை பிடித்ததெல்லாம் ஒரு விஷயமே இல்லை. படி முடிகிற இடத்தில் பிடித்தார், அது ஏழு மணி மூன்று நிமிஷம். இருவரும் மேலே போய்ச் சேர்ந்தது ஏழு பதினான்கு. அவள் கையை விட்டது ஏழு பதினாறு. நான் ஒன்றும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை ஐயா, மணி குறிப்பது என் தொழில்.